கௌதமனின் சாவியை நீக்கிய கதை

ஓய்வு பெற்ற பிறகும் பழைய ஆபீஸிலிருந்து எப்போதாவது கூப்பிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வர வேண்டும். போன முறை பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "மேடம், நாங்க கீ ஃபைலையே கண்ணால பாத்ததில்ல. ஆபீஸ் லாகின் போடறோம், சர்வர் திறக்குது. நீங்க ஏன் அத்தனை வருஷம் அந்த ஃபைலைக் கட்டிக்கிட்டு அழுதீங்க? அப்புறம் எப்படி விட்டீங்க?"

ஒழுங்கான பதில் ஒன்று வைத்திருக்கிறேன். அதைச் சொன்னேன். பொய் எதுவும் அதில் இல்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போது மனசுக்குள் மட்டும் சந்தாபுராவில் ஒரு வீட்டின் முன்னறை வந்து நின்றது. அந்தப் பிள்ளைகளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் ஆஸ்டின் டவுன்காரி. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, குளிரூட்டிய கம்ப்யூட்டர் அறையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு டேப் மாற்றுகிற வேலையில் சேர்ந்தேன். அங்கிருந்து சர்வர்களுக்கு வந்தேன். சர்வர்கள் எங்கள் கட்டடத்தை விட்டு க்ளவுடுக்குப் போனபோது கூடவே நானும் போனேன். கடைசியாக வேலை பார்த்த கம்பெனி, ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து தருகிறது. லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவரின் போனுக்கும் அவருடைய டாக்டருக்கும் ரிப்போர்ட் போய்ச் சேர வேண்டும். அந்த சர்வர்கள் எங்கள் குழுவின் பொறுப்பு.

பழைய முறை எளிமையானது. சர்வரில் ஒரு பூட்டு. அதைத் திறக்கும் ரகசியம் ஒரு சின்னக் கோப்பாக நம் கம்ப்யூட்டரில் இருக்கும். அதுதான் கீ ஃபைல். அது யார் கையில் இருக்கிறதோ அவருக்குக் கதவு திறக்கும். வந்திருப்பது ஸ்டெல்லாவாகிய நானா, என் லாப்டாப்பைத் திருடியவனா என்று சர்வர் கேட்காது. அதற்குச் சாவியைத்தான் தெரியும், ஆளைத் தெரியாது. உள்ளே போன பிறகு எல்லாருக்கும் ஒரே பெயர். யார் எதைச் செய்தார்கள் என்று பிரிக்க முடியாது.

கோப்பு என்பதால் அது பெருகும். அவசரத்துக்கு ஒருவர் இன்னொருவருக்கு மெயிலில் அனுப்புவார். ஒருவர் பென் டிரைவில் எடுத்துப் போவார். ஊரடங்கில் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது, சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஆளுக்கொரு சாவி செய்துகொள்ளும்படி மேலிடமே சொன்னது. எங்கிருந்தும் உள்ளே வருவதற்காக சர்வர்களின் வாசலையும் திறந்துவிட்டார்கள். ஊரடங்கு முடிந்தது. வாசலை மூட யாருக்கும் நினைவு வரவில்லை.

சாவியில்லாத முறைக்கு மாறச் சொல்லி உத்தரவு வந்தபோது அதை நடத்திக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. எல்லா சர்வரிலும் ஒரு சின்ன நிரலை வைத்தோம். அது உள்ளேயிருந்து வெளியே பேசும், வெளியிலிருந்து யாரும் வந்து தட்டுகிற கதவே வேண்டியதில்லை. நாம் ஆபீஸ் அடையாளத்தில் உள்ளே வந்து, போனில் உறுதிசெய்தால், இன்னார் இந்த சர்வருக்குள் போகலாமா என்று க்ளவுட் பார்க்கும். போகலாம் என்றால் அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு வழி திறக்கும். வேலை முடிந்ததும் அந்த வழி இருக்காது. செய்தது எல்லாம் அவரவர் பெயரில் பதிவாகும். ஆள் வேலையை விட்டுப் போனால் ஒரே இடத்தில் பெயரை எடுத்தால் போதும், எல்லாக் கதவும் அடைபட்டுவிடும்.

மாற்றியவுடனே பழைய வாசலை மூடிவிடக் கூடாது. சில வாரங்கள் இரண்டையும் வைத்திருந்து, இன்னும் யார் பழைய சாவியோடு வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். எந்தெந்தச் சாவிக்குத் திறக்கலாம் என்று சர்வரில் சாவிக்கு ஒரு வரி எழுதியிருக்கும். அவர்களைப் புது வழிக்குக் கொண்டுவந்த பிறகு அவர்களுடைய சாவியின் வரியை அங்கிருந்து நீக்க வேண்டும். கடைசி வரி போன பிறகுதான் வாசலை மூடலாம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கினேன். வரிகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒன்று மிஞ்சியது.

ரிப்போர்ட் சர்வருக்குள் தினமும் காலையில், ஆபீஸுக்கு யாரும் வருவதற்கு முன், யாரோ அந்தச் சாவியோடு வந்து சில நிமிஷம் இருந்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள். எங்கள் குழுவில் எல்லாரும் மாறியாகிவிட்டது. சாவியின் வரிக்குக் கடைசியில், செய்தவர் ஒரு அடையாளம் எழுதி வைப்பது வழக்கம். அந்த வரியின் கடைசியில் ஆங்கில எழுத்தில் 'கௌதம் வீடு' என்று இருந்தது.

கௌதமன் எங்கள் குழுவில் இருந்தவர். கோலார் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். முதலில் ரயிலில் வந்துபோய்க்கொண்டிருந்தார், பிறகு சந்தாபுராவுக்குக் குடிவந்தார். கூட்டங்களில் அதிகம் பேச மாட்டார். அழிக்கிற கட்டளை எதுவானாலும், அடித்துவிட்டுக் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த வரியை வாய்க்குள் ஒருமுறை படித்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பொத்தானைத் தட்டுவார். ஜெபம் பண்ணுகிறாரோ என்று முதலில் நினைத்தேன். அவர் குடும்பம் பௌத்தக் குடும்பம், ஜெபமெல்லாம் கிடையாது என்று பிறகு தெரிந்தது.

ஆள் குறைப்பு நடந்தபோது அவரும் போனார். காலையில் கூப்பிட்டுச் சொன்னார்கள், மத்தியானத்துக்குள் லாப்டாப்பும் அடையாள அட்டையும் வாங்கி அனுப்பிவிட்டார்கள். போனவர்களோடு ஆபீஸ் விஷயம் யாரும் பேசக் கூடாது என்று எங்களுக்கு மெயில் வந்தது. ஆபீஸ் விஷயம் பேசக் கூடாது என்றால் வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் நாங்கள் எதையும் பேசாமல் விட்டோம்.

அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ரங்கநாத் சாரிடம் போனேன். அவர்தான் எங்கள் எல்லாருக்கும் மேலே. மைசூர் பக்கத்துக்காரர். நான் அவரிடம் வேலை பார்த்த வருஷங்களில் குரல் உயர்த்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. முக்கியமான பேச்சு என்றால் போனைக் கவிழ்த்து வைப்பார், பேனாவை மூடி அதன் பக்கத்தில் வைப்பார். நாம் சொல்லி முடித்ததும் அதையே தன் வார்த்தைகளில் திருப்பிச் சொல்லி, "கரெக்டா?" என்பார். நாம் ஆமாம் என்ற பிறகுதான் மேலே பேசுவார். திரும்பச் சொல்லும்போது நாம் சொன்னது கொஞ்சம் மாறியிருக்கும். ஆமாம் என்று சொல்லிவிட்டதால் அது நாம் சொன்னதாகவே ஆகிவிடும்.

"பன்னி மேடம், கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று உட்காரச் சொன்னார். கேட்டுக்கொண்டார். போனைக் கவிழ்த்தார்.

"வேலையை விட்டு அனுப்பின ஆள் ஒருத்தர், அனுமதி இல்லாம, நோயாளிங்க ரிப்போர்ட் இருக்கற சர்வருக்குள்ள தினமும் வந்துட்டுப் போறார். கரெக்டா?"

"ஆமாம் சார்."

"உள்ள என்ன பண்றார்?"

"தெரியல சார். எல்லாரும் ஒரே பேர்ல போறதால பிரிச்சுப் பாக்க முடியல. கௌதமன் தப்பு பண்ற ஆள் இல்ல. ஒரு தடவை போன் பண்ணிக் கேக்கட்டுமா?"

"பேடா, வேண்டாம். கேட்டா அவருக்குத் தெரிஞ்சிடும். முதல்ல எடுத்துடுங்க. அப்புறம் கேக்கலாம்."

விதிப்படி அவர் சொன்னதுதான் சரி. இன்றைக்கு நான் பயிற்சி கொடுத்தாலும் அதைத்தான் சொல்லுவேன். என் இடத்துக்கு வந்தேன். அந்த வரியை நீக்கினேன். பிறகு பழைய வாசலையும் மூடினேன். குழுவில் எல்லாரும் கை தட்டினார்கள். யாரோ கேக் வாங்கி வந்தார்கள்.

மறுநாள் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அடுத்த நாள் முற்பகலில் ரிப்போர்ட்டுகள் நின்றுபோயின.

கண்டோன்மென்ட் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் லேபிலிருந்து முதல் போன் வந்தது. பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணை ஆபரேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும், ரத்த ரிப்போர்ட் டாக்டருக்கு வரவில்லை. "நாங்க எப்பவோ ஏத்திட்டோம் மேடம், உங்க பக்கம்தான் நிக்குது. அங்க எல்லாரும் எங்களைத் திட்டறாங்க" என்றாள் லேப் பெண். கடைசியில் ஒரு டெக்னீஷியன் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடியிருக்கிறார். தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாகச் சாயங்காலம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதுவரை என்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை.

காரணம் ரொம்பச் சின்னது. ரிப்போர்ட் அனுப்புகிற மென்பொருள், அனுப்பிய ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் ஒரு நகலை டிஸ்கிலேயே போட்டுவிட்டுப் போகும், அழிக்காது. அது சேர்ந்து சேர்ந்து டிஸ்க் நிறைந்துவிட்டது. போய்ச் சேர்ந்தவற்றை மட்டும் பார்த்து அழிக்க வேண்டும். இன்னும் போய்ச் சேராத ஒன்றை அழித்துவிட்டால் அந்த நோயாளியின் ரிப்போர்ட் டாக்டருக்குப் போகாது. இத்தனை நாளும் அது எப்படி நிறையாமல் இருந்தது என்று தேடிப் போனபோது, கௌதமனின் பெயரில் ஒரு பழைய ஃபோல்டர் இருந்தது. அதில் இந்த வேலையைத் தானாகச் செய்கிற ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதி வைத்திருந்தார். மேலே குறிப்பு: அனுமதி கேட்டாகிவிட்டது, மறுபடியும் மறுத்துவிட்டார்கள், கிடைக்கும்வரை கையால் செய்ய வேண்டும்.

அனுமதி கேட்ட கூட்டம் எனக்கு நினைவிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

வேலையை விட்டு அனுப்பிய பிறகும் அந்த மனிதர் ஒவ்வொரு நாள் காலையும் தன் வீட்டிலிருந்து வந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, பெருக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

இதையெல்லாம் ரங்கநாத் சாரிடம் சொன்னேன். முதல் தடவையாக அவர் திருப்பிச் சொல்லவில்லை, "கரெக்டா?" என்று கேட்கவும் இல்லை.

"நல்ல எண்ணம்தான் மேடம். ஆனா எண்ணத்தை ஆடிட்ல காட்ட முடியாது. வக்கீல் போலீஸ்ல புகார் குடுக்கணும்னு சொல்றார். நான்தான் வேண்டாம்னு நிறுத்தி வெச்சிருக்கேன். அதுக்குப் பதிலா ஒரு உறுதிமொழிக் காகிதம். அனுமதி இல்லாம நுழைஞ்சது தப்பு, சாவியோட எல்லா நகலையும் அழிச்சுட்டேன், இனிமே தொட மாட்டேன்னு கையெழுத்து. உங்களுக்கு அவரைப் பழக்கம். தமிழ்ல பேசி வாங்கிட்டு வாங்க."

அவர் கெட்டவர் இல்லை. கௌதமனைப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறவிடாமல் காப்பாற்றியது அவர்தான். ஆனால் தமிழில் பேசி வாங்கிட்டு வாங்க என்றதை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

கௌதமனுக்குப் போன் போட்டேன். வீட்டுக்கு வர வேண்டும் என்றேன். "இன்னா விஷயம் மேடம்?" என்று கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றேன். கொஞ்சம் தயங்கி, "வாங்க மேடம், வீட்ல சந்தோஷப்படுவாங்க" என்றார். ஏன் சந்தோஷம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஆபீஸ் காரில் ஓசூர் ரோட்டில் போனேன். மாடியில் சின்ன வீடு. முன்னறைச் சுவரில் புத்தர் படம், அதன் கீழே ஒரு மேஜையில் பழைய கம்ப்யூட்டர். அவர் மனைவி சுமதி வாசலிலேயே நின்றிருந்தார். வெளியூருக்குக் கிளம்புகிறவர் மாதிரி நல்ல புடவை கட்டியிருந்தார். சமையலறையிலிருந்து நெய் வாசனை வந்தது.

"வாங்க மேடம். நீங்க வர்றீங்கன்னு சொன்னார். நல்ல விஷயத்துக்கு வர்றீங்க, கேசரி கிண்டிட்டேன். வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க."

கௌதமன் மெலிந்திருந்தார். சுமதி உள்ளே போனதும் என் முகத்தைப் பார்த்தார். பார்த்த அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"ரிப்போர்ட் சர்வர்தானே மேடம்? கொஞ்ச நாளா உள்ள போக முடியல. சாவி போயிடுச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

"ஏன் கௌதமன் அப்படிச் செஞ்சீங்க?"

"அன்னிக்கு அந்த ஹெச்.ஆர். பொண்ணுகிட்ட சொன்னேன் மேடம். ஒரு வேலை பாக்கி இருக்கு, யாராச்சும் வந்தா காட்டிட்டுப் போறேன்னு. அதெல்லாம் பாத்துக்குவாங்க, கார்டைக் குடுங்கன்னாங்க. மறுநா காலையில வீட்ல சும்மா போட்டுப் பாத்தேன். திறந்துச்சு. டிஸ்க் நெறையற மாதிரி இருந்துச்சு. யாராச்சும் கவனிக்கற வரைக்கும் பண்ணலாம்னு பண்ணேன். யாரும் கவனிக்கல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மெயில் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னா அதையும் மூடிடுவாங்கன்னு இருந்துச்சு. காலையில எழுந்து உக்கார்றதுக்கு ஒரு வேலை இருந்துச்சு மேடம். அது தப்புதான்."

பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். முழுவதும் படித்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நடுவுல யாருக்காச்சும் ரிப்போர்ட் லேட்டாச்சா?"

அந்தப் பிரசவத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். எதுவும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுக்கறதுக்கு முன்னால ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேனே மேடம்."

போன் பண்ண நான் கேட்டேன், சார்தான் விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லி நான் மட்டும் தப்பித்துக்கொள்வது அந்த அறையில் முடியவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தார். சாவியின் கோப்பு இருந்த இடத்தை எனக்குக் காட்டினார். அழிக்கிற கட்டளையை அடித்தார். கையை எடுத்து மடியில் வைத்தார். உதடு அசைந்தது. பிறகு பொத்தானைத் தட்டினார். வேறு நகல் இல்லை, பென் டிரைவில் எடுத்துவைக்கிற பழக்கம் தனக்குக் கிடையாது என்றார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் சுமதி தட்டோடு வந்தார். கேசரி, மிக்சர், காபி. மேஜைமேல் கையெழுத்தான காகிதத்தைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"கையெழுத்து ஆயிடுச்சா? எப்போ வந்து சேரணும் மேடம்? தினமும் காலையில உக்காந்து ஆபீஸ் வேலை பாப்பார். இன்னும் எதுக்குங்க அவங்களுக்குப் பண்றீங்கன்னு நான் சண்டை போடுவேன். அவங்களுக்கு நான் இல்லாம முடியாது, கூப்பிடுவாங்க பாருன்னு சொல்லுவார். நான் நம்பல மேடம். நெசமாவே வீடு தேடி வந்துட்டீங்க."

நான் கௌதமனைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது நான்தான். அவர் என்னைச் சொல்லவிடவில்லை.

"இல்ல சுமதி. அது வேற காகிதம். மேடத்துக்குக் காபியைக் குடு, ஆறிடும்."

"வேற காகிதம்னா?"

"அந்தக் காலை வேலை முடிஞ்சுடுச்சுன்னு எழுதிக் குடுத்தேன்."

சுமதி தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கீழே வைத்து, கேசரிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். நான் சாப்பிட்டேன். சாப்பிடாமல் வந்திருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும். கௌதமன் கீழே கார்வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

அவருடைய ஸ்க்ரிப்டையே அந்த வாரம் சர்வரில் போட்டோம். இந்தத் தடவை அனுமதி ஒரே நாளில் கிடைத்தது. புது முறையில் எல்லாம் ஆளின் பெயரில்தானே பதிவாகும், அந்த வேலை என் பெயரில் பதிவானது. எழுதியவர் யார் என்று விண்ணப்பத்தில் குறிப்பிட்டேன். முன்னாள் ஊழியரின் பெயர் இருக்கக் கூடாது என்று அதை எடுத்துவிட்டார்கள். ஆண்டு விழாவில் சாவியில்லாத முறையைக் கொண்டுவந்ததற்காக என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ரங்கநாத் சார் ஒரு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார். நன்றி என்று சொல்லி இறங்கினேன். கௌதமனுக்கு எங்கள் ஆபீஸில் மறுபடி இடம் கேட்டுப் பார்த்தேன். அப்படிப்பட்ட கையெழுத்துப் போட்டவரை எடுக்க முடியாது என்று பதில் வந்தது. அந்தக் கையெழுத்தை வாங்கி வந்தவள் நான்.

ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் இந்திரா நகரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு, எம்.ஜி. ரோடு போக மெட்ரோவில் ஏறினேன். கூட்டம். உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து, "இப்படி உக்காருங்க மேடம்" என்றார். சுமதி. நான் ஒதுங்கப் பார்த்தேன், அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அவர் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கார் மேடம். ஓசூர்ல ஒரு ஃபேக்டரில கம்ப்யூட்டர் எல்லாம் அவர்தான் பாத்துக்கறார். பக்கம்தானே, பஸ்ல போயிட்டு வந்துடறார். அங்கயும் நேரத்துக்கு முன்னால போயிடுவார்."

சந்தோஷம் என்றேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"உங்களைப் பாத்தா சொல்லணும்னு இருந்தேன் மேடம். அன்னிக்கு நான்தான் தப்பா நெனச்சுட்டேன். கேசரி அது இதுன்னு பண்ணி, வேலைக்கு எப்போ வரணும்னு வேற கேட்டு, உங்களைச் சங்கடப்படுத்திட்டேன். நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். மனசுல வெச்சுக்காதீங்க."

வண்டி அல்சூரில் நின்றது. நான் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல. வர்றேன்மா என்று சொல்லி எழுந்து இறங்கிவிட்டேன்.